மலைமேல் இருக்கும் மறுகால்



இந்த முறை கொடைக்கானல் மலைமேல் நிற்கும் ஒலிபரப்புக் கம்பத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், தூண் பாறையைப் பார்ப்பார்கள், குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிடுவார்கள், திரும்பும்போது சாக்லேட் வாங்குவார்கள். மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கும் அந்த இரும்புக் கம்பத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் கீழே மதுரை, திண்டுக்கல், விருதுநகர், திருச்சி, எங்கள் கோவில்பட்டி என்று சமவெளியில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஏரியைவிட அந்தக் கம்பத்தோடுதான் உறவு அதிகம். 100.5ல் ‘கோடை பண்பலை’ கேட்கிறோமே, அது அங்கிருந்துதான் இறங்கி வருகிறது.

இப்போது எங்கே போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. ‘எல்லாரும் போனில் பாட்டுக் கேட்கிறார்கள், போனில் படம் பார்க்கிறார்கள். இனி இந்தக் கம்பமெல்லாம் எதற்கு? வீண் செலவு’ என்கிறார்கள். சொல்கிறவர்கள் படித்தவர்கள்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் கருத்து வேறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைமேல் இருக்கும் ஒலிபரப்புக் கம்பத்தை, தினம் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. கண்மாய்க்கு மறுகால் எப்படியோ, நாட்டுக்கு இந்தக் கம்பம் அப்படி. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நான் முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன். அதனால் கொஞ்சம் பாடம் நடத்தாமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் சின்ன வயதில் கேட்ட இலங்கை வானொலியும், திருநெல்வேலி, மதுரை, திருச்சி வானொலி நிலையங்களும் மத்திய அலையில் வந்தவை. மத்திய அலை நீளமானது. தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால், ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 285 மீட்டர். இந்த அலை தரையை ஒட்டிக்கொண்டே போகும். ராத்திரியில் வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பியும் வரும். அதற்கு மலை தேவையில்லை. ஈரமான, உப்பான தரை இருந்தால் இன்னும் நல்லது. மத்திய அலையில் அந்த உயரமான கம்பமே ஆன்டெனா.

பண்பலையும் பழைய தொலைக்காட்சியும் வேறு ரகம். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர்கூட முழுதாக இல்லை. அது பெரும்பாலும் வெளிச்சம் போல நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால், சமவெளியில் வைத்த கம்பத்திலிருந்து கிளம்பும் அலை கொஞ்ச தூரத்தில் தரையை விட்டு விலகி ஆகாயத்துக்குப் போய்விடும். இங்கே கம்பம் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடிக்கும் தோள் மட்டும்தான். ஆன்டெனா அதன் உச்சியில் கட்டிய சின்னப் பொருள். திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அதே கதை. எவ்வளவு உயரத்தில் உட்காருகிறதோ அவ்வளவு தூரம் பார்க்கும்.

பிள்ளைகளுக்கு ஓர் எளிய கணக்குச் சொல்வேன். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை நாலால் பெருக்கினால், அலை எட்டும் தூரம் சுமாராகக் கிலோமீட்டரில் கிடைக்கும். ராமேஸ்வரத்தில் இருக்கும் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர். இந்தியாவிலேயே உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் என்று பெயர் பெற்றது. 323க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 18. நாலால் பெருக்கினால் 72 கிலோமீட்டர். கொடைக்கானல் மலையோ கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். 2,000க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 45. நாலால் பெருக்கினால் 180 கிலோமீட்டர். மனிதன் எத்தனை கோடி செலவழித்துக் கட்டினாலும் கிடைக்காத உயரத்தை மலை சும்மா கொடுக்கிறது. கொடைக்கானலிலிருந்து மதுரை நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள். கோவில்பட்டி ஏறத்தாழ 125. திருச்சி 150க்குள். எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் ‘விளக்கின் அடியில் இருட்டு’ என்பதும் உண்டு. மலையை ஒட்டிய சில பள்ளத்தாக்குகளில், குறுக்கே ஒரு முகடு நின்றால், பத்து இருபது கிலோமீட்டரிலேயே கரகரவென்று இருக்கும். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் கரிசல் காட்டில் கணீரென்று கேட்கும். இங்கே மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பருத்திச் செடியும் வேலி மரமும்தான்.

இந்த மலை மகிமையை எங்கள் பக்கத்து ஜனங்கள் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்து நாட்டு மலை ஒன்றுதான் கற்றுக்கொடுத்தது. இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. ஜப்பான் உதவியில் வந்தது அது. அதன் முக்கிய ஒளிபரப்பி நுவரெலியாவுக்கு மேலே இருக்கும் பிதுருதாலகால மலையில் இருந்தது. அந்த நாட்டிலேயே உயரமான சிகரம், 2,524 மீட்டர். நான் சொன்ன கணக்குப்படி 200 கிலோமீட்டர்தான் எட்ட வேண்டும். எங்கள் ஊர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆனாலும் படம் வந்தது!

காரணம் கடல். காற்று அடங்கியிருக்கும் நாட்களில் கடலுக்கு மேல் குளிர்ந்த ஈரக் காற்று ஓர் அடுக்காகவும், அதற்கு மேல் சூடான வறண்ட காற்று இன்னோர் அடுக்காகவும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அலை மாட்டிக்கொண்டு, வாய்க்கால் தண்ணீர் போல, பூமியின் வளைவையும் தாண்டி ஓடிவரும். அதனால்தான் ஒரு ராத்திரி முகம் தெளிவாகத் தெரியும், மறுநாள் திரை முழுக்க ஈ மொய்த்தது போல் இருக்கும். மொட்டை மாடியில் ஒருவர் நின்று கம்பத்தைத் திருப்ப, கீழே வாசலில் ஒருவர் நின்று ‘வருது, வருது... போச்சு... இன்னும் கொஞ்சம் கிழக்கே’ என்று கத்துவதை இதை வாசிக்கும் பலரும் செய்திருப்பீர்கள். கிழக்கே திருப்பினால் இலங்கை. சென்னைத் தொலைக்காட்சி 1975லேயே வந்துவிட்டது என்று பெயர். எங்களுக்கு அது காற்றில் எட்டாத தூரம்.

வசதியுள்ள வீட்டுத் திண்ணையில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் பார்ப்போம். தமிழ் நிகழ்ச்சியும் தமிழ்ச் செய்தியும் வந்தால் கூட்டம் இன்னும் கூடும். ‘நீங்கள் யார், எந்த நாடு, சந்தா கட்டினீர்களா?’ என்று அந்த மலை எங்களைக் கேட்கவில்லை. ஒலிபரப்பு என்பதன் குணம் அதுதான். மழை மாதிரி எல்லார் வீட்டுக் கூரையிலும் விழும்.

எண்பதுகள் முடிவதற்குள் கொடைக்கானலில் தூர்தர்ஷன் உயர்சக்தி ஒளிபரப்பி வந்துவிட்டது. ஆன்டெனாக்கள் எல்லாம் கிழக்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பின. எந்தக் கணக்குப் பார்த்து அந்தக் கம்பத்தை நட்டார்கள்? லாபக் கணக்கில்லை. கடைக்கோடிக் கிராமத்துக்கும் படமும் சேதியும் போக வேண்டும் என்ற ஒரே கணக்குத்தான். பின்னாலேயே 10 கிலோவாட் சக்தியில் பண்பலை வானொலியும் வந்தது. மலைமேல் இருப்பதால் அந்தச் சக்தியிலேயே தென் தமிழகத்தின் பெரும் பகுதியை அது எட்டிவிடுகிறது.

அதற்குப் பின் நடந்ததும் தெரியும். கேபிள் வந்தது. மொட்டை மாடியில் நின்ற மீன்முள் ஆன்டெனாக்கள் துணி காயப்போடும் கொடிக்கம்பமாகி, பிறகு பழைய இரும்புக்காரரிடம் போயின. 2021 அக்டோபரில் பிரசார் பாரதி ஓர் அறிக்கை விட்டது. எல்லைப் பகுதி போன்ற முக்கியமான ஐம்பது இடங்களைத் தவிர, நாடு முழுவதும் பழைய முறைத் தரைவழித் தொலைக்காட்சி ஒளிபரப்பிகளை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவது என்பது அதன் சாரம். அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் குறை சொல்ல மாட்டேன். பார்ப்பார் யாரும் இல்லாமல் பழைய இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கிறது. ஒரு குடையை மாட்டிவிட்டால் மாதச் சந்தா இல்லாமல் பார்க்கலாம்.

என் கவலை வானொலியைப் பற்றியது. மத்திய அலை ஒலிபரப்பிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. தொலைக்காட்சிக்குச் சொன்ன அதே காரணத்தை நாளைக்குப் பண்பலைக்கும் சொன்னால் என்ன செய்வது? ‘அதுதான் போன் இருக்கிறதே, இணையத்தில் அதே நிலையத்தைக் கேட்கலாமே’ என்பார்கள். சாதாரண நாளில் அது சரி. சாதாரணமல்லாத நாளும் ஒன்று வரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் பெய்ய வேண்டியது ஒரு பகல் ஒரு இரவில் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் போக வழியில்லை.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போனது. ராத்திரி வரை போன் பேச முடிந்தது. பிறகு ஒரு கோடு, பிறகு அதுவும் இல்லை. சென்னையில் இருக்கும் மகன் எத்தனை முறை கூப்பிட்டிருப்பானோ, ஒன்றும் வந்து சேரவில்லை. வீட்டில் இருந்த பழைய டிரான்சிஸ்டரில் டார்ச் லைட்டுக்கு வைத்திருந்த பேட்டரியைப் போட்டேன். 100.5 வந்தது. காலையில் மாநிலச் செய்தி கேட்கப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்தார். அவருடைய தங்கை குடும்பம் ஏரலில் இருக்கிறது. செய்தியில் அந்த ஊர்ப் பெயர் வந்ததும், ‘அண்ணாச்சி, சத்தத்தைக் கூட்டுங்க’ என்றார். வெள்ளம் என்று மட்டும் தெரிந்தது. தங்கை மாடியில் ஏறித் தப்பித்த சேதி நாலு நாள் கழித்துத்தான் வந்தது. ஆனால் அந்த நாலு நாளில் படகு போயிருக்கிறது, மீட்புப் படை போயிருக்கிறது என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டார். ஆளைக் காப்பாற்றும் வேலையை வானொலி செய்ய முடியாது. இருட்டில் தனியாக விடப்பட்டோம் என்ற எண்ணம் வராமல் அதனால் காப்பாற்ற முடியும்.

போன் ஏன் நின்றது, மலைக் கம்பம் ஏன் நிற்கவில்லை? இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. போன் கோபுரம் ஒவ்வொன்றும் சில கிலோமீட்டரைத்தான் கவனிக்கும். அதற்கு மின்சாரம் வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியும் டீசலும் வேண்டும். அதை மற்றக் கோபுரங்களோடு இணைக்கும் கம்பி சாலையோரத்தில் புதைந்து கிடக்கும். சாலையை வெள்ளம் அரித்தால் கம்பியும் போகும். வெள்ளம் சூழ்ந்த இடத்தில் இருக்கும் கோபுரத்துக்கு டீசல் கொண்டுபோக வழி இருக்காது. போதாததற்கு எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். பத்துப் பேர் பேச வேண்டிய பாதையில் ஆயிரம் பேர் நுழைந்தால் யாருக்கும் வழி கிடைக்காது.

மலைக் கம்பமோ வெள்ளத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நடுவில் கம்பி இல்லை, சாலை இல்லை. ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் அதற்கு ஒரே செலவு, ஒரே சுமை. கேட்கிறவருக்கு வேண்டியது சில நூறு ரூபாய்ப் பெட்டியும் இரண்டு பேட்டரியும்தான். கொஞ்ச நேரம் கேட்டு அணைத்து, கொஞ்ச நேரம் கேட்டு அணைத்தால் வாரக்கணக்கில் வரும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாடுகளிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. ரயில் நின்றது, பணம் எடுக்கும் இயந்திரம் நின்றது, போனும் பல இடங்களில் நின்றது. ஜனங்கள் கடைகளில் வரிசை கட்டி வாங்கியது பேட்டரி ரேடியோவை. காரில் ரேடியோ வைத்திருந்தவர்கள் கதவைத் திறந்துவைத்துத் தெருவில் நின்றவர்களுக்கும் கேட்க விட்டார்கள். 2022ல் உக்ரைனில் போர் தொடங்கியபோது, பழைய காலத்துச் சமாசாரம் என்று ஓரம் கட்டியிருந்த சிற்றலையைப் பி.பி.சி. மறுபடி அந்தப் பகுதிக்குத் திருப்பிவிட்டது. இணையத்தையும் கோபுரத்தையும் முடக்கலாம், தூரத்திலிருந்து வரும் அலையை அவ்வளவு எளிதில் முடக்க முடியாது என்பதால்தான்.

‘நார்வே நாட்டில் 2017லேயே தேசிய அளவில் பண்பலையை மூடிவிட்டார்களே’ என்று ஒரு நண்பர் வாதாடினார். உண்மைதான். ஆனால் அவர்கள் வானொலியை மூடவில்லை. பண்பலைக்குப் பதில் டிஜிட்டல் வானொலிக்கு மாறினார்கள். அதுவும் மலைமேல் கம்பத்திலிருந்துதான் வருகிறது. ஆக, இயந்திரம் மாறலாம், முறை மாறலாம். மலையும் கம்பமும் வேண்டும் என்பது மாறவில்லை. நம் ஊரிலும் நாளைக்கு டிஜிட்டல் வானொலி வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அதற்கான பெட்டி ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியான விலையில் வந்து சேரும் வரை பழையதை நிறுத்தக் கூடாது.

‘இப்போது அரசாங்கமே போனில் எச்சரிக்கை அனுப்புகிறதே’ என்பது அடுத்த கேள்வி. 2023ல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கும். பரிசோதனை என்று செய்தி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆபத்து வருவதற்கு முன்னால் அது கைகொடுக்கும். ஆபத்து வந்து கோபுரம் சாய்ந்த பிறகு அலறுவதற்கு ஒன்றும் இல்லை. முன்னால் போன், பின்னால் ரேடியோ என்று இரண்டும் இருக்கட்டும் என்கிறேன்.

இங்கேதான் மறுகால் கதைக்கு வருகிறேன். மதுரைப் பக்கம் கலிங்கு என்பார்கள், எங்கள் பக்கம் மறுகால். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியே போகக் கட்டிய கல் கட்டுமானம். எங்கள் வறட்டுப் பூமியில் கண்மாய் மறுகால் பாய்வது பல வருஷத்துக்கு ஒரு முறைதான். மற்ற நாட்களில் அதன்மேல் ஆடு மேயும், பையன்கள் சீட்டாடுவார்கள். ‘வருஷத்தில் ஒரு நாள்கூடத் தண்ணீர் போகவில்லை, இதற்கு எதற்குப் பராமரிப்பு?’ என்று நம் முன்னோர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே ராத்திரியில் கரை உடைந்து ஊர் போயிருக்கும். மறுகாலின் பயன் பாயாத நாட்களை எண்ணிப் பார்த்தால் தெரியாது. மலைக் கம்பத்தின் கணக்கும் அதுதான்.

இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மறுகால் சும்மாக் கிடக்கும் நாட்களில் ஒன்றும் தருவதில்லை. இந்தக் கம்பம் தினமும் தருகிறது. மில்லில் வேலை பார்க்கிறவருக்கு, தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு, டீக்கடைக்காரருக்கு, ராத்திரி லாரி ஓட்டுகிறவருக்கு, கண் தெரியாதவருக்கு, படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு, கையையும் கண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் காதுக்கு மட்டும் துணையாக வருவது அதுதான். விவசாயத் தகவல், வானிலை, பழைய பாட்டு, நேயர் கடிதம். தன் பெயரும் ஊர்ப் பெயரும் வானொலியில் வந்ததை வருஷக்கணக்கில் சொல்லி மகிழும் நேயர்களை எனக்குத் தெரியும். அந்த மகிழ்ச்சியை எந்த லைக்கும் தராது.

அதற்காகக் கம்பத்தை அப்படியே கும்பிட்டுக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. உயரத்தில் நிற்பது எதுவோ அதற்கு ஆபத்தும் அதிகம். மலை இடி அதைத்தான் முதலில் தேடும். மூடுபனியும் ஈரமும் இரும்பைத் தின்னும். சாலையில் மரம் விழுந்தால், மண் சரிந்தால் மேலே டீசல் போகாது. மார்கழிக் குளிரில், ஊரெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, அங்கே ஓர் இன்ஜினியரும் இரண்டு டெக்னீஷியன்களும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு விமானத்துக்கு எச்சரிக்கை. அது அணைந்தால் ஒருவர் ஏறித்தான் மாற்ற வேண்டும். பாட்டுக் கேட்கும் நமக்கு அறிவிப்பாளரின் குரல் தெரியும். அந்த மனிதர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. அவர்களில் ஓய்வு பெறுகிறவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டுக்கொண்டே போனால், மூடுவதாக யாரும் அறிவிக்கத் தேவையில்லை, அது தானாகவே மூடிக்கொள்ளும்.

எனவே என் யோசனைகளைச் சொல்கிறேன். அதிகாரத்தில் இருக்கும் யாராவது வாசித்தால் நல்லது.

முதலாவது, மலைமேல் இருக்கும் பண்பலைக் கம்பங்களைப் பொழுதுபோக்குக் கணக்கில் வைக்காமல் பேரிடர்க் கணக்கில் வைக்க வேண்டும். தீயணைப்பு நிலையம் லாபத்தில் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. செலவைக் கொஞ்சம் ஈடுகட்டவும் வழி இருக்கிறது. தனியார் வானொலிகள் பல நகரங்களில் பிரசார் பாரதியின் கோபுரத்தில்தான் வாடகைக்கு ஆன்டெனா கட்டியிருக்கின்றன. ஒரு கம்பத்தில் பலர் தொங்கலாம், வாடகையில் பராமரிப்பு நடக்கலாம்.

இரண்டாவது, கம்பம் மட்டும் இருந்தால் போதாது, அதில் நம் சேதி வர வேண்டும். எங்கோ தூரத்தில் தயாரித்ததை வாங்கி அனுப்பும் வெறும் குழாயாக அது ஆகிவிடக் கூடாது. வெள்ளம், புயல் என்று வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, எந்த ஊரில் முகாம், எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எந்தக் கண்மாய்க் கரை பலவீனம் என்று மாவட்ட நிர்வாகம் நேராகப் பேச ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். அன்றைக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, போனிலேயே பண்பலை கேட்க வசதி வேண்டும். இணையம் இல்லாமல், காற்றிலிருந்து நேராக வாங்கும் வசதியைச் சொல்கிறேன். பல போன்களில் அதற்கான சில்லு உள்ளேயே இருக்கிறது, திறந்துவிடாமல் வைத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரல் இறுதியில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்த வசதியை எல்லாப் போன்களிலும் செயல்பட வைக்குமாறு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. பேரிடர்க் காலத்தைத்தான் அதற்குக் காரணமாகவும் சொன்னது. அறிவுரை கட்டாயமாக வேண்டும்.

நான்காவது நமக்கு. அரசாங்கம் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருங்கள். பேட்டரியை உள்ளேயே போட்டு வைக்காதீர்கள், கசிந்து தகடு துருப்பிடித்துவிடும். தனியாக ஒரு டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டியோடு வையுங்கள். உங்கள் வீட்டில் எந்த அறையில், எந்த ஜன்னல் ஓரத்தில் 100.5 தெளிவாக வருகிறது என்று ஒரு நாள் சும்மா சோதித்துப் பாருங்கள். ஏரியலைப் படுக்கவைத்தும் நிறுத்தியும் பாருங்கள். வேறு பகுதியில் இருப்பவர்கள் உங்கள் பக்கத்து நிலையம் எந்த எண்ணில் வருகிறது என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பின்னால் ஒட்டிவிடுங்கள். உங்களுக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் பெட்டி பேத்தி கையில் இருக்கலாம்.

முடிந்தால் ஒரு போஸ்ட் கார்டும் எழுதுங்கள். நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்று நிலையத்துக்கு எழுதும் பழக்கம் நம் தலைமுறையோடு போய்விடும் போல் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்று மேலே இருப்பவர்கள் முடிவு கட்டும் முன், கேட்கிறோம் என்று நாம் சொல்லியாக வேண்டும். ஊர் பெயர், தூரம், எவ்வளவு தெளிவாக வருகிறது என்ற விவரத்தோடு எழுதினால் மலைமேல் இருப்பவர்களுக்கும் உபயோகமாக இருக்கும். நான் இந்த வாரமே எழுதப்போகிறேன். உங்கள் ஊரில் கோடை பண்பலை எப்படி வருகிறது என்பதை எனக்கும் சொல்லுங்கள்.